வெயிலா, வெக்கையா? மொட்டைமாடியில் வெளுத்த தாள்கள்

மதுரையில் கத்திரி தொடங்கிய வாரம். எங்கள் தெருவில் ஒன்பது பிள்ளைகள். எல்லோருக்கும் லீவு, எல்லோர் கையிலும் போன். "பத்து நாளைக்கு ஏதாவது சொல்லிக்கொடுங்களேன்" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம் ஓவியம், கொஞ்சம் காகித வேலை. செலவு கூடாது, கத்தரிக்கோலுக்கு அதிக வேலை கூடாது, கடைசியில் வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு படமாவது மிஞ்ச வேண்டும். அப்படி யோசித்தபோது தோன்றியதுதான் வெயில் படம். கலர் தாளின் மேல் இலை, சாவி, காசு என்று எதையாவது வைத்து வெயிலில் விட வேண்டியது. சுற்றியிருக்கும் நிறம் வெளுத்துப்போகும். பொருள் மூடியிருந்த இடம் மட்டும் பழைய நிறத்தில் நிற்கும். பல ஊர்களில் பிள்ளைகள் செய்கிற வேலைதான், புதிதாக ஒன்றுமில்லை.

பத்து நாள் என்று நினைத்தது பதினெட்டு நாள் இழுத்தது. நாலாவது படிக்கும் ஒரு பையன் இரண்டாம் நாள் கேட்ட கேள்விதான் காரணம். அதற்கு முன் முதல் நாள் சொதப்பலைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பாடம் அதில்தான் இருந்தது.

முதல் நாள்

ஸ்டேஷனரி கடையில் நாலு வகைத் தாள் வாங்கினேன். சார்ட், பளபளப்பான மார்பிள் பேப்பர், காத்தாடி செய்யும் மெல்லிய தாள், திருவிழாத் தோரணத்துக்குச் சுருட்டி விடுவார்களே அந்த க்ரீப் பேப்பர். காலை ஒன்பது மணிக்கு மாடியில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன் மேல் கலர் தாள்களைப் பரப்பி, ஆளுக்கொரு பொருளை வைத்தார்கள். விதி ஒன்றே ஒன்றுதான்: தாள் வெயில் காயலாம், பிள்ளைகள் காயக் கூடாது. வைத்ததும் கீழே இறங்கிவிட வேண்டும், மூன்று மணிக்கு மேல்தான் மறுபடி மாடி ஏறலாம்.

மூன்றரைக்கு ஏறிப் பார்த்தபோது காத்தாடித் தாள் அதன் வேலையைச் செய்திருந்தது. இரண்டு தாள்கள் பக்கத்து வீட்டு வேப்பமரத்தில் இருந்தன. தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. அந்த ஓரத்தில் வைத்தவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. மார்பிள் பேப்பரை வைத்தவர்களுக்கும் ஒன்றும் வரவில்லை, முழு வெயிலில் இருந்தும்கூட. மஞ்சள் சார்ட் அசைந்து கொடுக்கவில்லை. கறுப்பு சார்ட் லேசாகப் பழுப்பு தட்டியிருந்தது, அதுவும் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால்தான் தெரிந்தது. வெற்றி என்று சொல்லக்கூடியது இரண்டுதான்: ரோஸ் நிற க்ரீப், வயலட் காத்தாடித் தாள். ரோஸ் க்ரீப்பின் மேல் ஒரு பெண் வைத்திருந்த சைக்கிள் சாவி, பல் பல்லாக, அச்சு அடித்தது போல விழுந்திருந்தது.

அதன் பக்கத்திலேயே ஒருவன் பொம்மைக் கார் வைத்திருந்தான். நாலு சென்டிமீட்டர் உயரம் இருக்கும். அதன் படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் "பேய் கார்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். நடுவில் நல்ல ரோஸ், கிழக்கிலும் மேற்கிலும் வெளிறிய இறக்கை போல ஒரு படலம். காரணத்தைச் சாக்பீஸ் கொண்டு தரையில் வரைந்தோம். சாவி தாளோடு ஒட்டிக் கிடந்தது, அதற்கு ஓடுகிற நிழல் கிடையாது. கார் உயரமானது. காலையில் அதன் நிழல் மேற்கே கிடந்தது, பிறகு மெல்லச் சுருங்கி, மதியத்துக்கு மேல் கிழக்கே நீண்டது. மணிக்கு 15 டிகிரி வீதம் சூரியன் நகர, நிழல் தாளைத் துடைத்துக்கொண்டே போயிருக்கிறது. ஏழாவது படிக்கும் பெண் இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். உச்சி வேளையில் நிழல் கொஞ்சம் தெற்கே விழுகிறது. சரிதான். மதுரைக்கு நேர் மேலே சூரியன் வருவது ஏப்ரல் நடுவில் ஒரு நாளும் ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒரு நாளும்தான். மே மாதத்தில் அது நம்மைத் தாண்டி வடக்கே போயிருக்கும், அதனால் நிழல் தெற்கே. இன்னொன்று, இங்கே உச்சி என்பது கடிகாரத்தில் பன்னிரண்டு அல்ல, பன்னிரண்டே கால் வாக்கில்.

இலை வைத்தவர்களுக்கும் இதே பிரச்சினைதான், சின்ன அளவில். வெயில் பட்டதும் இலை சுருண்டு ஓரம் தூக்கிக்கொண்டது. மறுநாளிலிருந்து பழைய ஃபோட்டோ ஃப்ரேம்களின் கண்ணாடியைக் கழற்றி இலைக்கு மேல் வைத்து அமுக்கினோம். காற்றுக்கும் அதுவே பாரம். கண்ணாடியின் ஓரத்தில் செல்லோ டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், பிள்ளைகள் கை.

கேள்வி

இரண்டாம் நாள் சாயங்காலம் வெளுத்த க்ரீப்பைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பையன் கேட்டான்: "அத்தை, இது வெளிச்சத்துல வெளுத்துச்சா, சூட்டுல வெளுத்துச்சா?"

"வெயில்ல வெளுத்துச்சுடா" என்றேன்.

"அதான், வெயில்னா எது?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. 'வெயில் அடிக்குது' என்றால் வெளிச்சம். 'வெயில் தாங்கல' என்றால் சூடு. நமக்கு இரண்டும் ஒரே சொல். வெக்கை என்று தனியாக ஒரு சொல் இருக்கிறது, வெளிச்சம் என்று ஒன்று இருக்கிறது, ஆனால் துணி வெளுத்தால் 'வெயிலுக்கு வெளுத்துப்போச்சு' என்று சொல்லி விஷயத்தை முடித்துவிடுகிறோம்.

ஓட்டெடுப்பு நடத்தினேன். ஆறு பேர் சூடு என்றார்கள், இரண்டு பேர் வெளிச்சம், ஒருத்தி இரண்டும். கேள்வி கேட்ட பையனின் அப்பத்தா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். அவர் ஓட்டும் சூட்டுக்குத்தான். "வெந்நில போட்டா சாயம் போகுதுல்ல? அப்புறம் என்ன?" நல்ல வாதம். அதை நான் அப்போது மறுக்கவில்லை.

சோதனையை இப்படி வைத்தோம். ஒரே ரோஸ் க்ரீப் சுருளிலிருந்து நாலு துண்டு. முதல் துண்டு மாடியில் திறந்த வெயிலில், பாதியை அட்டையால் மூடி. இரண்டாவது, அதன் பக்கத்திலேயே, பையனுடைய எவர்சில்வர் டிபன் டப்பாவுக்குள் மூடி போட்டு. மூன்றாவது ஃப்ரேம் கண்ணாடிக்குக் கீழே. நாலாவது கீழே பீரோவில், இருட்டில், சும்மா. ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் எண். டப்பாவுக்குள் எவ்வளவு சூடு என்று தெரிய வேண்டுமே? காய்ச்சல் தெர்மாமீட்டர் 42 டிகிரியோடு நின்றுவிடும், அதைப் போட்டால் உடையும். கல்லூரியில் வேதியியல் படிக்கும் ஒரு அக்காவிடமிருந்து ஆய்வகத் தெர்மாமீட்டர் வந்தது. மதியம் ஒன்றரைக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நான் மட்டும் ஏறிப் பார்த்தேன். டப்பாவுக்குள் 58 டிகிரி. வெளியே விரித்த தாளின் மேல் 49. ஆக, நாலு துண்டில் அதிகச் சூடு தின்றது டப்பாத் துண்டுதான்.

இரண்டு நாள் விட்டோம். மூன்றாம் நாள் காலையில் நாலையும் எடுத்து வெள்ளை வேட்டியின் மேல் வரிசையாக வைத்தார்கள். திறந்த துண்டில் அட்டை மூடாத பாதி, சோற்றில் ஊற்றிய தண்ணீர் போல ஆகிவிட்டது, ரோஸ் என்று சொன்னால்தான் நம்புவார்கள். கண்ணாடித் துண்டும் ஏறக்குறைய அப்படியே, ஒரு பொட்டு நிறம் கூடுதல். டப்பாத் துண்டை எடுத்தபோது யாரும் பேசவில்லை. பீரோத் துண்டின் பக்கத்தில் வைத்தால் எது எது என்று சொல்ல முடியவில்லை. பின்னால் திருப்பி எண்ணைப் பார்த்துத்தான் பிரித்தோம்.

ஆறு ஓட்டு தோற்றது. பையன் மட்டும் சந்தோஷப்படாமல் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். "58 பத்தல போல. அயர்ன் பாக்ஸ் வெச்சுப் பாப்போமா?"

இஸ்திரிப் பெட்டியைப் பருத்திக்கு வைத்து, க்ரீப்பின் மேல் ஒரு கைக்குட்டையைப் போட்டு, விட்டு விட்டுப் பத்து நிமிடம் தேய்த்தோம். க்ரீப்பின் சுருக்கம் போனது, நிறம் போகவில்லை.

இங்கே ஒரு ஓட்டை இருந்ததைப் பெரிய பெண் பிடித்தாள். சூடு மட்டும் இருந்தால் வெளுக்காது என்று தெரிந்துவிட்டது. வெளிச்சம் மட்டும் இருந்தால் வெளுக்குமா? மாடியில் இரண்டும் சேர்ந்தல்லவா இருந்தது? அவள் வீட்டில் மேற்குப் பார்த்த ஒரு ஏசி ரூம் உண்டு. ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் ஒரு துண்டை ஒட்டினோம். ஏசி 24-ல் ஓடும், சாயங்கால வெயில் கண்ணாடி வழியே வரும். பத்து நாளில் அதுவும் வெளுத்தது. மாடியைவிட மெதுவாக, ஆனால் சந்தேகமில்லாமல். சூட்டை முழுக்க விடுதலை செய்துவிடவும் கூடாது. வெளிச்சம் தொடங்கிவைத்த வேலையைச் சூடும் ஈரமும் வேகப்படுத்தும். ஆனால் தொடங்கிவைப்பது அது அல்ல.

அப்பத்தாவின் வெந்நீருக்கும் பதில் இதில் இருக்கிறது. வெந்நீரில் சாயம் அழிவதில்லை, துணியை விட்டு இறங்கித் தண்ணீருக்குப் போகிறது. அதனால்தான் வாளித் தண்ணீர் நிறமாகிறது. வெயிலில் வெளுத்த தாளின் நிறம் எந்த வாளியிலும் இல்லை.

போன நிறம் எங்கே போனது

சாய மூலக்கூறு என்பது கார்பன் அணுக்கள் ஒற்றைப் பிணைப்பு, இரட்டைப் பிணைப்பு என்று மாறி மாறிக் கோத்த ஒரு சரம், பெரும்பாலும் வளையங்களோடு. அந்தச் சரம் முழுக்க எலக்ட்ரான்கள் உலாவுவதால்தான் அது கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்குகிறது, மீதியை நாம் நிறமாகப் பார்க்கிறோம். சரத்தில் ஓரிடம் அறுந்தால் போதும். கல்யாண வீட்டு சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் வரிசையே அணைகிற மாதிரி. மூலக்கூறு காணாமல் போவதில்லை, இரண்டு மூன்று துண்டாக அங்கேயேதான் கிடக்கிறது. துண்டுகளுக்கு நிறம் இல்லை, அவ்வளவுதான்.

அறுப்பதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று பார்த்தால் டப்பாவின் தோல்வி புரியும். கார்பன் கார்பன் ஒற்றைப் பிணைப்பை உடைக்க ஒரு மோலுக்கு (டஜன் மாதிரி, மூலக்கூறுகளை எண்ணும் மிகப் பெரிய கட்டு) சுமார் 350 கிலோஜூல் தேவை. 350 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் கொண்டுவருவது சுமார் 340. ரோஸ் சாயம் விழுங்கும் பச்சை ஒளி, 550 நானோமீட்டர் அளவில், 217. டப்பாவுக்குள் இருந்த 58 டிகிரிச் சூட்டுக்கு அதே கணக்கில் வருவது மூன்றுக்கும் குறைவு. நூறு மடங்கு வித்தியாசம். சூடு என்பது கூட்டத்தில் எல்லோரும் எல்லோரையும் லேசாக இடிப்பது. ஒளி என்பது ஒரே ஆள் மேல் விழும் அடி. பச்சை ஒளியின் 217 பிணைப்பை நேரடியாக உடைக்கப் போதாது. அது மூலக்கூறைக் கிளறிவிடுகிறது, கிளறிவிட்ட நிலையில் அருகிலுள்ள ஆக்சிஜன் வந்து வேலையை முடிக்கிறது. கண்ணாடிக்குக் கீழே இருந்த துண்டு ஏன் தப்பவில்லை என்பதற்கும் இதுவே விடை. சாதாரண ஜன்னல் கண்ணாடி 310, 320 நானோமீட்டருக்குக் கீழான புற ஊதாவைத்தான் நன்றாகத் தடுக்கும். அதற்கு மேலுள்ள புற ஊதாவில் பெரும்பகுதியும், கண்ணுக்குத் தெரியும் ஒளியும் உள்ளே வந்துவிடும். ஜன்னலோர சோபா உறை வெளுப்பது அதனால்தான்.

வெளிச்சமா, காற்றா, ஈரமா என்ற இதே கேள்வியை 1880களில் லண்டனில் பெரிய மனிதர்கள் கேட்டார்கள். நீர்வண்ண ஓவியங்கள் காட்சிக்கூடத்தில் வெளுக்கின்றன என்று பத்திரிகைகளில் சண்டை. வால்டர் ரஸ்ஸல், வில்லியம் ஆப்னி என்ற இருவர் வண்ணம் பூசிய தாள்களைக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்து, பாதியை மூடி, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் வெயிலில் தொங்கவிட்டார்கள். 1888-ல் அறிக்கை வந்தது. ஒளிதான் காரணம், அதிலும் நீலம் ஊதாப் பக்கத்து ஒளி. ஈரம் சேர்ந்தால் இன்னும் வேகம். காற்றை உறிஞ்சி எடுத்த குழாய்களில் பெரும்பாலான நிறங்கள் மாறவே இல்லை. பாதியை மூடி வைப்பது என்ற அவர்களுடைய தந்திரம்தான் எங்கள் அட்டையும். அதே 1888 அக்டோபரில் வான் கோ தன் படுக்கையறையை வரைந்தார். சுவர் வெளிர் ஊதா என்று தம்பிக்கு எழுதினார். இன்றைக்கு அந்த ஓவியத்தில் சுவர் நீலம். ஊதாவில் கலந்திருந்த சிவப்பு வெளுத்துப்போய், நீலம் மட்டும் மிஞ்சிவிட்டது.

சிவப்பு போய் நீலம் மிஞ்சுவதைப் பார்க்க நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். சலூன் கண்ணாடியில் ஒட்டிய பழைய ஹேர்ஸ்டைல் படங்கள், பஸ் ஸ்டாண்டில் மாதக்கணக்காக நிற்கும் சினிமா போஸ்டர்கள் எல்லாம் கடைசியில் நீலமாகத்தான் நிற்கும். முகம் நீலம், பூ நீலம், ரத்தமும் நீலம். அச்சு மையில் மஞ்சளும் மெஜந்தா என்ற ரோஸ் சிவப்பும் முதலில் போகும். நீலத்துக்கு இருப்பது 1930களில் சந்தைக்கு வந்த தாலோசயனின் என்ற நிறமி, நடுவில் தாமிர அணுவைக் கட்டிவைத்த இறுக்கமான வளையம், அதை வெயில் லேசில் உடைக்காது. மார்பிள் பேப்பர் எங்களை ஏமாற்றியதும் இதே காரணத்தால்தான் என்று நினைக்கிறேன். சாயம் என்பது கரைந்து, மூலக்கூறு மூலக்கூறாக நாருக்குள் இறங்குவது, ஒவ்வொன்றும் தனியாக வெயிலில் நிற்கும். நிறமி என்பது கரையாத துகள். மேல் அடுக்கு அடிவாங்கினாலும் உள் அடுக்கு தப்பும். தோரணத்துக்கு க்ரீப் செய்கிறவர் ஒரு வாரத் திருவிழாவுக்குத்தான் கணக்குப் போடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஒரு பெண் கேட்டாள்: "அப்போ செடியிலிருந்து எடுத்த சிவப்பெல்லாம் வெளுத்துடுமா?" எல்லாம் இல்லை. சோழமண்டலக் கடற்கரையில் சாயவேரிலிருந்து எடுத்த சிவப்பைப் படிகாரம் கொண்டு துணியில் கட்டினார்கள். படிகாரத்திலுள்ள அலுமினியம் சாயத்தையும் நாரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். இங்கிருந்து கப்பலேறிய அந்தக் காலத்துப் பூத்துணிகள் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இன்னும் சிவப்பாகவே இருக்கின்றன. பீட்ரூட் சாறு பூசிய எங்கள் தாளோ ஒரே பகலில் அழுக்கு வெள்ளை ஆனது.

அந்தத் துணிகள் பிழைத்திருப்பதற்கு இருட்டும் ஒரு காரணம். துணி, நீர்வண்ணம் போன்றவற்றுக்கு அருங்காட்சியகங்கள் வழக்கமாக வைக்கும் எல்லை 50 லக்ஸ். லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு. நம் மொட்டைமாடியில் நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். பிள்ளைகளே வகுத்தார்கள்: 2,000 மடங்கு. நாலு மணி நேர மாடி வெயில், நாளுக்கு எட்டு மணி நேரம் விளக்கு எரியும் அருங்காட்சியகத்தில் 1,000 நாளுக்குச் சமம். இரண்டே முக்கால் வருடம். அங்கே புற ஊதாவையும் வடிகட்டிவிடுவார்கள், அதனால் உண்மை வித்தியாசம் இதைவிடப் பெரிது.

பழுத்த செய்தித்தாள், ஏமாற்றிய சன்ஸ்கிரீன்

அடியில் விரித்த செய்தித்தாளை நான் கவனிக்கவே இல்லை. ஆறாம் நாள் அதைச் சுருட்டப் போன சின்னவள், "இது வெளுக்கல, பழுத்துப்போச்சு" என்று கூப்பிட்டாள். கலர் தாள்கள் மூடியிருந்த இடம் சதுரம் சதுரமாக வெள்ளையாக இருக்க, சுற்றிலும் மஞ்சள் பழுப்பு. அதே வெயில் ஒன்றை வெளுக்கிறது, இன்னொன்றைப் பழுக்க வைக்கிறது. செய்தித்தாள் மரத்தை அரைத்துச் செய்வது, மரத்தின் நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருள் அதிலேயே இருக்கும். ஒளி பட்டு லிக்னின் உடையும்போது வரும் துண்டுகளுக்கு நிறம் உண்டு. சாயம் உடைந்தால் நிறம் போகிறது, லிக்னின் உடைந்தால் நிறம் வருகிறது. அழகான படம் என்று பார்த்தால், எனக்கு இந்தச் செய்தித்தாள்தான் முதலிடம். யாரும் திட்டமிடாமல் விழுந்த படம்.

சன்ஸ்கிரீன் கதை நேர்மாறு. கல்லூரி அக்கா ஒரு ட்யூப் கொடுத்து, கறுப்புத் தாளில் கையால் அச்சுப் பதித்து வெயிலில் வைத்தால் பூசிய இடம் வெளுக்காமல் நிற்கும் என்றாள். செய்தோம். நிஜமாகவே கை தெரிந்தது, அடர் கறுப்பாக. எல்லோரும் கைதட்டினார்கள். அப்போதுதான் பெரிய பெண் பீரோவில் வைத்திருந்த இன்னொரு தாளை எடுத்து வந்தாள். அதிலும் சன்ஸ்கிரீன் கை. வெயிலே படாத தாளில், அதே அடர் கறுப்பில், கை. வடை வைத்த தாளில் எண்ணெய் ஊறிய இடம் இருண்டு தெரியுமே, அது. கைதட்டு நின்றது. பிறகு பூச்சைத் தாளில் தடவாமல், மேலே பிடிக்கும் ஃப்ரேம் கண்ணாடியின் ஒரு பாதியில் தடவி ரோஸ் க்ரீப்பை வைத்தோம். பூசிய பாதியில் கொஞ்சம் நிறம் கூடுதலாக நின்றது. கொஞ்சம்தான். வெள்ளையாகத் தெரியும் அளவுக்குத் தடவினால் அந்த வெள்ளையே கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் தடுத்துவிடும், புற ஊதாவை மட்டும் அல்ல. இந்தச் சோதனையை யாராவது செய்தால் இருட்டில் ஒரு இரட்டை வைக்காமல் செய்யாதீர்கள்.

மஞ்சள்

கடைசி வாரம் தாளை நாங்களே சாயம் ஏற்றினோம். வேட்டியில் மஞ்சள் கறை பட்டால் நம் வீடுகளில் என்ன செய்வார்கள்? வெயிலில் போடுவார்கள். கலர் சேலை என்றால் உள்புறத்தை வெளியே திருப்பி நிழலில். அப்பத்தா இரண்டையும் ஐம்பது வருடமாகச் செய்துவருகிறார். இரண்டும் ஒரே காரணத்தின் இரண்டு பக்கம் என்று பையன் சொன்னபோது, "அது எனக்குத் தெரியாதாக்கும்" என்றார்.

மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். கொரோனா காலத்துச் சானிடைசர் பாட்டில்கள் பல வீட்டு அலமாரியில் மிச்சம் இருந்தன, தண்ணி போலத் தெளிவாக இருக்குமே, அந்த வகை. இரண்டு ஸ்பூன் மஞ்சள்தூளில் கால் டம்ளர் ஊற்றி, கலக்கி, துணியில் வடிகட்டினால் பளீர் மஞ்சள். தீப்பிடிக்கும் சமாசாரம், அடுப்புப் பக்கம் போகவே கூடாது. கலக்கியது நான், பூசியது பிள்ளைகள். டிராயிங் ஷீட்டில் பூசி, நிழலில் உலர்த்தி, மேலே வேப்பிலை, கறிவேப்பிலை, முருங்கை இணுக்கு, அதற்கு மேல் கண்ணாடி. பத்தரைக்கு வைத்து ஒன்றரைக்கு எடுத்தோம். மூன்று மணி நேரத்தில் க்ரீப்பைத் தோற்கடித்துவிட்டது. வெளிறிய தாளில் மஞ்சள் வேப்பிலை, ரம்பப் பல் ஓரம் உட்பட.

அடுத்ததுதான் வேடிக்கை. ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் அல்லவா? முதலில் ஆப்பசோடாத் தண்ணீரைப் பூசிப் பார்த்தோம், மங்கலான ஆரஞ்சு வந்தது. பிறகு சுண்ணாம்பைத் தெளியவைத்து, மேல் தண்ணீரை மட்டும் பஞ்சில் தொட்டு நான் பூசினேன். குர்குமின் பிழைத்திருந்த இடம், அதாவது இலையின் உருவம், கண் முன்னால் குங்குமச் சிவப்பாக மாறியது. வெளுத்த பகுதி வெளுப்பாகவே நின்றது. அங்கே சிவக்க மஞ்சளே இல்லை. போன நிறம் எங்கேயும் ஒளிந்துகொண்டிருக்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. உலர உலரச் சிவப்பு மங்கிப் பழுப்பானது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆங்கில வானியலாளர் ஜான் ஹெர்ஷல் 1842-ல் பூக்களின் சாற்றைத் தாளில் பூசி இப்படித்தான் வெயிலில் படம் எடுத்தார். அவரும் மாட்டிக்கொண்ட இடம் ஒன்றுதான்: படத்தை நிலைக்கவைக்க வழியில்லை. எந்த வெளிச்சம் வரைந்ததோ அதே வெளிச்சம் அழிக்கும். பிள்ளைகளிடம் சொன்னேன். ஏழு பேர் கேட்காமல் ஹாலில் ஒட்டினார்கள். ஆனி பிறப்பதற்குள் ஏழும் வெற்றுத் தாள். பெரிய பெண் அகராதிக்குள் வைத்தாள். பையன் தன்னுடையதை எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்து, "இதுல ஒண்ணும் ஆகாது, நாமதான் பாத்தோம்ல" என்றான்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் அவன் அம்மாவுக்கு டப்பா தேவைப்பட்டது. கொஞ்ச நேரம் சண்டை நடந்தது. கடைசியில் வேப்பிலை பிஸ்கட் டின்னுக்கு மாறியது, டப்பாவில் எலுமிச்சை சாதம் போனது. சாயங்காலம் அவன் வெள்ளைச் சட்டையின் மார்பில் கையகல மஞ்சள். சோப்புப் போட்டதும் சிவந்தது, அலசியதும் மறுபடி மஞ்சளானது. அப்பத்தா அதை மாடிக் கொடியில் போட்டு, காற்றுக்குப் பறக்காமல் ஒரு கிளிப்பைக் கறைக்கு நேராகவே மாட்டிவிட்டார். மறுநாள் சட்டை வெளுத்திருந்தது. கிளிப் கவ்விய இடத்தில் மட்டும், இரண்டு விரல் அகலத்தில், மஞ்சள் அப்படியே. பையன் கிளிப்பை இடம் மாற்றி மறுபடி காயப்போட்டான்.